சாரை வாய்க்காலும் ஒரு பெருக்கல் குறியும்

எழுபத்து மூன்று வயதில் ஒருவன் தன் கையெழுத்துக்குச் சாட்சி சொல்வதற்காகக் கடல் தாண்டி வருவது வேடிக்கையாகத் தோன்றலாம். நான் அப்படித்தான் வந்தேன். சிங்கப்பூரில் மகள் வீட்டில் காலை நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தஞ்சாவூரிலிருந்து என் தங்கை கோமதி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். அன்று நான் நடைக்குப் போகவில்லை.

அரசுப் பணியில் நில அளவையாளனாக இருந்த காலத்தில், அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆட்கள் நால்வருடன் நான் அளந்து கல் நட்ட குடியிருப்புகளில் தாமரை நகரும் ஒன்று. ஒரே தெரு, இரண்டு வரிசை வீடுகள். கிழக்கு வரிசையின் கொல்லைப்புறத்தில் சாரை வாய்க்கால் ஓடுகிறது. சாரைப்பாம்பு போல நெளிந்து போவதால் அந்தப் பெயர். அதன் கரை இதுதான் என்று வரைபடத்தில் கோடிட்டு, அடியில் ‘இரா. மருதவாணன்’ என்று கையெழுத்திட்டவன் நான். பிற்பாடு என் மைத்துனர், கோமதியின் கணவர், அங்கே ஒரு மனை வாங்கினார். வடகோடி மனை. வாங்க வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். கோமதிக்கு அந்த இடத்துக் காற்று பிடித்துவிட்டது.

இப்போது நகரத்தை ஸ்மார்ட் சிட்டியாக மாற்றும் பணிக்காக டிரோன் பறக்கவிட்டுப் படமெடுத்திருந்தார்கள். மழைநீர் எங்கே தேங்கும், எந்த வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த விளக்குக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் மேசையில் இருந்தபடியே பார்ப்பதற்கான படம். அதன்மேல் என் பழைய வரைபடத்தைப் பொருத்திப் பார்த்தபோது, கிழக்கு வரிசையின் வடபகுதி வீடுகள் பத்தும் பதினான்கு அடி வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்தன. கோமதி அனுப்பியது அந்தப் படம்தான். அத்துடன், ஐந்து நாளில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்ற அறிவிப்பும் இருந்தது.

வீடுகள் என் கற்களைப் பார்த்துக் கட்டப்பட்டவை. ஆகவே அந்தப் பதினான்கு அடிக்கு ஊர் ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்லும்: அளந்தவன் தங்கைக்காகக் கல்லைத் தள்ளி நட்டுவிட்டான். பணியில் இருந்த முப்பத்தாறு ஆண்டுகளில் எவர் வீட்டிலும் ஒரு குவளை மோர்கூட வாங்கிக் குடித்தவனல்லன் நான். அந்தப் பெயர்தான் என் சொத்து.

முதல் நாள் பிற்பகல் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோதே பக்கிரிசாமி எதிர்ப்பட்டார். அஞ்சல் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கோமதி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வாங்க சார். ஒரு சந்தேகம். வாய்க்கால நீங்க வளைச்சீங்களா, இல்ல ஒங்க தங்கச்சி வீட்டப் பாத்துட்டு அதுவே ஒதுங்கிப் போச்சா?”

ஆட்டோ ஓட்டுநர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் மீதிச் சில்லறையை மிகுந்த மரியாதையுடன் கொடுத்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பக்கிரிசாமியின் வீடும் அந்தப் பதினான்கு அடிக்குள் அகப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பயந்தவர்கள் கேலி பேசுவது வழக்கம்.

கோமதி கத்தரிக்காய் கொத்சும் வெண்பொங்கலும் செய்து வைத்திருந்தாள். சிங்கப்பூரில் பொங்கல் கிடைக்கிறது. ஆனால் கரண்டி நிற்கும் பொங்கல் கிடைப்பதில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை இருவரும் வாய்க்காலைப் பற்றிப் பேசவில்லை. மைத்துனர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளை ஓசூரில் வேலை பார்க்கிறான். தனியாக இருப்பவளைக் கலவரப்படுத்துவானேன் என்று நான் நினைத்தேன். அவளும் என்னைப் பற்றி அதையே நினைத்தாள் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாம் நாள் விடிந்ததும் நூறு அடி நாடாவையும் பழைய புல அளவைக் குறிப்பேட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். வாய்க்காலில் முழங்கால் அளவு நீர் இருந்தது. ஆகாயத்தாமரை பாதியை மறைத்திருந்தது. சிங்கப்பூரில் என் வீட்டருகே ஒரு கால்வாய் இருக்கிறது. இரு புறமும் சிமெண்டு, ஓரத்தில் மிதிவண்டிப் பாதை, நீர் எவ்வளவு உயர்ந்தால் அபாயம் என்பதற்குச் சிவப்புக் கோடு. அங்கே நடக்கும்போதெல்லாம் சாரை வாய்க்காலுக்காக எனக்குச் சற்று வெட்கமாக இருக்கும். அன்று அந்த எண்ணம் வரவில்லை. என் கல்லைத் தேடுவதிலேயே கவனம் இருந்தது.

செம்பருத்திப் புதரடியில், உடைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றின் கீழ், கல் இருந்தது. தலையில் நான் வெட்டச் சொன்ன அம்புக்குறி மங்கவில்லை. கல்லிலிருந்து வீட்டுச் சுவர், கல்லிலிருந்து கரை, கல்லிலிருந்து தெருவோரம் என மூன்றையும் அளந்தேன். நாடாவின் மறுமுனையைக் கோமதி பிடித்துக்கொண்டாள். குறிப்பேட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட வேறுபாடு இல்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அரை நிம்மதிதான் வந்தது. என் அளவு சரியென்றால் வானத்திலிருந்து பார்த்தது எப்படித் தவறும்? இந்தத் தெருவை நான் அளக்க நாற்பது நாட்களுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கருவிக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்திருக்கிறது. கிழவனின் நாடாவை நம்பிக் கருவியைத் தள்ளிவைக்க எந்தக் கூட்டமும் ஒப்பாது. டிரோனை இயக்கியவரைப் பார்த்தாக வேண்டும். விசாரித்ததில், மறுநாள் ஊருக்குத் தெற்கே, வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கும் பகுதியில் பறக்கவிடுவார்கள் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் மினி பஸ்ஸில் ஏறினேன். குறுவை அறுவடை ஓயாத சமயம். பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நெல்லின்மேல் சக்கரம் ஏறாமல் ஊர்ந்தார். எனக்கு முன்னால், இணையத்துக்கான கண்ணாடியிழைக் கம்பி பதிக்க வந்த வடநாட்டுத் தொழிலாளர் இருவர், எனக்கு ஓரளவு புரியும் இந்தியில் பேசிக்கொண்டு வந்தனர். இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் சோற்றை அளந்து போடுவதில்லை, போதும் என்று கையை நீட்டி மறைத்தாலும் கைமேலேயே போடுகிறார்கள் என்றார் ஒருவர். அதனால்தான் இங்கே பள்ளம் தோண்ட முடிகிறது என்றார் மற்றவர்.

ஒரு குறுகிய பாலத்தில், டிரெய்லரில் வந்த அறுவடை இயந்திரம் கைப்பிடிச் சுவரில் இடித்துச் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பறக்கும் நேரம் முடிந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. விமானப்படைத் தளம் இருக்கிற ஊர். அனுமதி தந்த நேரத்தில் மட்டுமே டிரோன் எழும்பலாம். இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். செருப்பின் வார் அறுந்தது. அந்தக் கோலத்தில் ஓர் அதிகாரியைச் சந்திப்பதில் எனக்குச் சங்கடம் இருந்தது.

அதிகாரி அல்லர்; முப்பது வயதுள்ள பெண்மணி. பெயர் சுகன்யா. சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. முதலில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் ஓட்டியவர். பிறகு உரிமம் பெற்று நகர அளவைக்கு வந்திருக்கிறார். என் பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றார்.

“ஒங்க படம்தாங்க ஐயா எங்கிட்ட இருக்கு. இந்த டவுன்ல நாங்க பொருத்திப் பாத்த பழைய படங்கள்லயே அதுதான் சுத்தமா உக்காந்துது. அந்த ஒரு தெருவத் தவிர.”

பாராட்டா குற்றச்சாட்டா என்று பிரித்தறிய முடியாத வாக்கியம். நான் நாற்காலியில் அமர்ந்தேன். டிரோன் எழும்பியது. தேனீக்கூட்டம் போல ஒலித்து, சிறிது நேரத்தில் ஒரு பொட்டாகி, உழவு மாடு போல நேர்கோட்டில் போய்த் திரும்பித் திரும்பி வந்தது. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் வெளிச்சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க டிரோன் வரும். முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டுவார்கள், நாங்கள் திரைச்சீலையை இழுத்துக்கொள்வோம். தாமரை நகரில் இவர் பறக்கவிட்டபோது, மாடியில் வடகம் காயவைத்திருந்த பெண்கள் காக்கைக்குக் காட்டும் கறுப்புத் துணியை எடுத்து டிரோனுக்கும் காட்டினார்களாம்.

படம் எப்படித் தரையோடு பொருந்துகிறது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். முந்தின மாலையே தரையில் ஆங்காங்கே சுண்ணாம்பால் பெருக்கல் குறி இடுவார்கள். அதன் நடுப்புள்ளி பூமியில் எங்கே இருக்கிறது என்று ஒரு கருவியால் துல்லியமாகக் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் மேலிருந்து எடுத்த படத்தில் அதே குறிகளைத் தேடிப் பிடித்து, இரண்டையும் சேர்த்துப் பூட்டுவார்கள். தாமரை நகரில் வடகோடிக் குறி ஒன்று மட்டும் பொருந்த மறுத்தது என்றும், மேலிடத்தில் அவசரப்படுத்தியதால் அப்படியே அனுப்ப வேண்டியதாயிற்று என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அந்தக் குறியப் பாக்கலாமா அம்மா?”

கையகலத் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். தெரு, மின்கம்பம், கோமதி வீட்டு இரும்புக் கதவு. தெருவின் எதிர்ப்பக்கம், காலி மனையின் ஓரத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு பெருக்கல் குறி. கைகள் நான்கும் ஒரே நீளம். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். ஒவ்வொரு கையின் முனையிலும் சின்னஞ்சிறு தாமரை மொட்டு ஒன்று இருந்தது.

“எங்க ஆளுங்க யாரோ ஆசையா போட்டிருக்காங்கன்னு நெனச்சோம் ஐயா” என்று சுகன்யா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அந்த மொட்டு எனக்குத் தெரியும். பாவாடை கட்டிய வயதிலிருந்து கோமதி எந்தக் கோட்டையும் வெறுமனே முடித்ததில்லை. அவள் எழுதும் மளிகைப் பட்டியலின் அடிக்கோட்டில்கூட அந்த மொட்டு இருக்கும்.

திரும்பும் வழியில் எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. முந்தின மாலை குறி கோமதி வீட்டு வாசலில் இருந்தபோது கருவி அதன் இடத்தைக் குறித்துக்கொண்டது; பிறகு அவள் அதை இடம் மாற்றியிருக்கிறாள். டிரோன் பார்த்ததோ எதிர்ப்பக்கக் குறியை. இரண்டும் ஒன்றென நம்பிய கணினி, வடபகுதிப் படம் முழுவதையும் கிழக்கே இழுத்து வாய்க்காலில் தள்ளிவிட்டது. முதல் பொத்தானை அடுத்த துளையில் மாட்டிய சட்டை போல.

கோமதி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். அவள் மறைக்கவில்லை, கையில் இருந்த பூவிலிருந்து கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

“விடிகாலைல தண்ணி தெளிக்க வந்தேண்ணே. வாசல்ல பெருக்கல் குறி. கடைத்தெருவுல இப்படித்தான் போட்டாங்க, மூணா நாளு இடிக்கிற மிஷின் வந்து நின்னுது. ஊருக்கே அளவு போட்டவரு தங்கச்சி வீட்டு வாசல்ல பெருக்கல் குறியான்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களா? அழிச்சிட்டேன். அழிச்சா எங்கடான்னு வருவாங்களேன்னு, எதிர்க்க காலி மனைல அதே அளவுக்குப் போட்டு வச்சேன். அங்க இடிக்க ஒண்ணுமில்ல. யாருக்கும் பாவமில்ல.”

“அளவு எப்படிப் பிடிச்ச?”

“ஜாணு போட்டுத்தான். கைக்கு நாலு ஜாணு. பிசகாமதான் போட்டேன்.”

என் பெயரைக் காப்பாற்றத்தான் அவள் அதைச் செய்திருக்கிறாள். அதனாலேயே என் பெயர் தெருவில் கிடந்தது. கோபித்துக்கொள்ள எனக்கு வழி அகப்படவில்லை. அன்று மாலை ஒரு மனு எழுதினேன்: தரைக்குறிகளில் ஐயப்பாடு இருப்பதால் மறு அளவை கோருகிறேன். எவர் அழித்தார், எவர் வரைந்தார் என்று அதில் இல்லை. நல்ல நடையில் அமைந்த மனு. அதோடு முடிந்துவிடும் என்று நம்பி, அவள் பொரித்த வாழைப்பூ வடையில் மூன்றைச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் சமுதாயக் கூடத்தில் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே வெள்ளைத் திரை. பத்து வீடுகளும் கூரையோடு அதில் தெரிந்தன; அவற்றின்மேல் சிவப்பில் வாய்க்கால். பக்கிரிசாமி தம் வீட்டைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் மனுவை மாநகராட்சிப் பொறியாளர் உரக்கப் படித்தார். பிறகு சுகன்யாவைப் பார்த்தார். குறி தவறாக இடப்பட்டிருந்தால் அது குறியிட்டவர்களின் அலட்சியம், அப்படியானால் மற்ற வார்டுகளை இந்தக் குழுவிடம் விடுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை; ஆனால் எழுதிக்கொண்டார். சுகன்யா எழுந்து நின்றார். தம் குழு குறியைச் சரியாகவே இட்டது என்று சொன்னார். அதற்குச் சான்று என்ன என்று பொறியாளர் கேட்டார்.

என் மனுவின் நல்ல நடை, குற்றத்தை அந்தப் பெண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்மேல் சுமத்தியிருந்த அதே பழி. ஒழுங்காக அளந்தவர்மேல், அளவு பிசகிற்று என்ற பழி. வாய் திறந்தால் தங்கையின் பெயர் சந்திக்கு வரும். அந்தக் குடும்பமே அப்படித்தான் என்று பேச்சு வரும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன்.

“குறி சரியாத்தான் போடப்பட்டது. அதை அழிச்சு, இடம் மாத்திப் போட்டது என் வீட்டார்” என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“வீட்டார் என்ன வீட்டார், கோமதின்னு பேரச் சொல்லுங்கண்ணே. ஏங்க, நான்தாங்க போட்டேன். இடிக்கப் போறீங்கன்னு நெனச்சிட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. வேணும்னா இப்ப ஒண்ணு போட்டுக் காட்டட்டுமா?”

பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். சுகன்யா திரையில் அந்த மொட்டுகளைப் பெரிதாக்கிக் காட்டினார். நான்கு மொட்டுகளும் ஆளுயரத்துக்கு மலர்ந்து நின்றன. பெண்கள் பக்கத்தில் சிரிப்புக் கிளம்பியது. அது கேலி இல்லை என்பதை அறிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

பக்கிரிசாமி மெதுவாக எழுந்தார். “நல்ல வேள தாயி, எதிர்க்கப் போட்ட. எங்க வாசல்ல போட்டிருந்தா நான் அத அழிச்சுக் கொண்டுபோய் ரயில் ஸ்டேஷன்ல போட்டிருப்பேன். தஞ்சாவூரே கடலுக்குள்ள போயிருக்கும்.” என் பக்கம் திரும்பி, “சாரும் மன்னிக்கணும்” என்றார். அதைச் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

மறு அளவைக்கு அனுமதி கிடைத்தது. பொறியாளர் தம் குறிப்பில் சுகன்யாவைப் பற்றிய வரியை அடித்ததை நானே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முறையற்ற செயல்தான்.

மறுநாள் மாலை சுகன்யாவின் குழு பழைய இடத்திலேயே குறியிட்டது. குறிக்கு அருகில் வரக்கூடாது என்று கோமதியிடம் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. அதற்கு அடுத்த நாள் காலை அனுமதி நேரம் தொடங்கும் முன்பே நான் அங்கே போய் நின்றேன். ஆடு, நாய், தண்ணீர் வாளி எதுவும் குறியை நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? வெயில் ஏறியபோது குடையை விரித்தேன். குடை மறைக்கும் ஐயா என்று தூரத்திலிருந்து சுகன்யா கைகாட்டினார். மடக்கிக்கொண்டேன். தலைக்கு மேலே அந்தத் தேனீ இரைச்சல் வந்தது, போனது, மீண்டும் வந்தது. சங்கிலி பிடித்த என் நான்கு ஆட்களும் அன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாய்க்காலைத் தாண்டும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அட்டைப்பூச்சியைத் திட்டியவர்கள், இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்களோ.

மாலைக்குள் படம் தயாராகிவிட்டது. சுகன்யா வீட்டுக்கே கொண்டுவந்தார். கோமதி அவருக்கு அசோகா அல்வாவும் காப்பியும் கொடுத்தாள். மடிக்கணினியில் வானத்துப் படம். அதன்மேல் என் கோடு. வாய்க்கால் நெளியும் இடமெல்லாம் என் கோடும் நெளிந்தது. பத்து வீடுகளும் கரைக்கு இப்பால் ஒழுங்காக நின்றன. என் கல் இருக்கும் செம்பருத்திப் புதர்கூடத் தெரிந்தது. ஆகாயத்தாமரை மண்டி நீரோட்டம் தடைபட்ட மூன்று இடங்களும் தெளிவாகத் தெரிந்தன. மழைக்கு முன் அவற்றை வாரிவிடுவார்கள் என்றார் சுகன்யா. நாற்பது நாள் அந்தக் கரையில் நடந்தும் வாய்க்காலை நான் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். சாரை என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

வாசலில் குறி இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது என்ன என்று கேட்டேன்.

“நீங்கதாங்க ஐயா” என்றார் சுகன்யா.

கோமதி குனிந்து பார்த்தாள். “மண்டையத் தவிர ஒண்ணும் தெரியல. குறிதான் நல்லா இருக்கு. ஆனா மொட்டையா இருக்கு.”

அன்றிரவு மகளோடு தொலைபேசியில் பேசினேன். வேலை முடிந்தது என்று மட்டும் சொன்னேன். குரலே மாறியிருக்கிறதே என்றாள்.

சிங்கப்பூருக்குக் கிளம்பிய நாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சுண்ணாம்புக் குறி அழியாமல் இருந்தது. அதன் நான்கு முனைகளிலும் கரைத்த கோலமாவால் நான்கு மொட்டுகள் இருந்தன. ஈரம்கூடக் காயவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். கோமதி கதவோரம் அல்வா டப்பாவோடு நின்றாள்.

“படம் எடுத்தாச்சில்லண்ணே. இனிமே என்ன?”

அரசுக் குறியில் பிறர் கைவைக்கலாகாது என்பது விதி. அந்த விதியை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். டப்பாவை வாங்கிக்கொண்டேன். வேட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, மொட்டின்மேல் கால் படாமல் எட்டிவைத்து, ஆட்டோவில் ஏறினேன்.